வானம் தோண்டுவதற்கு முந்தைய எட்டு மாதங்கள்: ஒரு வீட்டுத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

சொந்த வீடு கட்ட விரும்பிய ஒரு குடும்பம், முடிந்த வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதமே வானம், அதாவது அஸ்திவாரத்துக்கான குழி, தோண்டிவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வீடு வடிவமைக்கும் என்னிடம் வந்தது. கணவன், மனைவி, பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியால் கைத்தடி ஊன்றி நடக்கும் கணவரின் தாயார் என ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. வானம் அடுத்த மாதம் தோண்டப்படவில்லை. எட்டு மாதம் கழித்தே தோண்டப்பட்டது. அந்த எட்டு மாதங்களில், 200 சதுர மீட்டராக இருந்த வீடு 126 சதுர மீட்டராகச் சுருங்கியது. மனைக்குள் ஒன்றரை மீட்டர் பின்னால் நகர்ந்தது. தரைமட்டம் 15 சென்டிமீட்டர் உயர்ந்தது. இந்த மூன்று மாற்றங்களும் ஏன், எந்த வரிசையில் நேர்ந்தன என்பதைப் பதிவு செய்வதற்காகவே இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்களிடம் இருந்த மொத்த நிதியை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, செலவுகளையும் பங்குகளாகவே தருகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு முடிவை மாற்ற எவ்வளவு செலவாகும் என்பது, அந்த முடிவு அப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தாளில் இருக்கும் சுவரை ரப்பரால் அழித்துவிடலாம். கதவு, ஜன்னல்களின் தலைக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வரை எழும்பிவிட்ட சுவரை இடிப்பதற்கு ஆளும் நாளும் பொருளும் தேவை. ஆகவே எந்த முடிவு எப்போது மாற்ற முடியாததாகிறது என்று கண்டறிந்து, அதற்கு முன்பே அதை எடுத்து முடிப்பதுதான் தயாரிப்பு என்று நான் கருதுகிறேன். வரைபடம் அதன் ஒரு பகுதி மட்டுமே.

மனையும் முதல் வரைபடமும்

மனையின் அகலம் 12 மீட்டர், நீளம் 16.5 மீட்டர், மேற்கில் சாலை என்று பத்திரம் சொன்னது. டேப்பைப் பிடித்து அளந்தபோது சாலையோர அகலம் சரியாக இருந்தது. பின்பக்க அகலமோ 11.8 மீட்டர்தான். 20 சென்டிமீட்டர் சிறிய வித்தியாசம்போலத் தோன்றலாம். ஆனால் இருபுறமும் ஒன்றரை மீட்டர் காலியிடம் விட வேண்டும் என்பது அந்த மனைக்குரிய விதியாக இருந்ததால், கட்டடத்தின் அகலம் 9 மீட்டரா, 8.8 மீட்டரா என்பதை அந்த 20 சென்டிமீட்டரே தீர்மானித்தது. அண்டை வீட்டாருடன் அதற்காக வழக்காட வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்து, குறைந்த அளவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அது நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். பத்திரத்து அளவை நம்பி அனுமதி வாங்கியபின் வானத்துக்குக் கயிறு கட்டும் நாளில் இது தெரியவந்திருந்தால், வரைபடத்தை மறுபடி போட்டு, மறுபடி அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

அவர்கள் கொண்டுவந்த வரைபடத்தை வரைந்தவர் மனையைப் பார்த்ததில்லை. கீழே 108, மேலே 92 சதுர மீட்டர் என்று, விதி அனுமதித்த இடம் முழுவதையும் அது நிரப்பியிருந்தது. பாட்டியின் அறை சாலையைப் பார்த்த தென்மேற்கு மூலையில் இருந்தது. பிற்பகல் வெயில் தாழ்வாக வருவதால், மேற்குச் சுவரை மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் காப்பாற்றாது. செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் தேக்கிவைத்து, தூங்கப்போகும் நேரத்தில் அறைக்குள் விடும். வீட்டில் பெரும்பாலான நேரம் இருக்கப்போகிறவருக்கு வீட்டிலேயே வெப்பம் மிகுந்த அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

படிக்கட்டு இன்னொரு பாடம். படியின் உயரத்தை இரட்டித்து, மிதிபலகையின் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 63 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. வரைபடத்தில் 3 மீட்டர் உயரத்துக்கு 15 படிகள், ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் மிதி. கூட்டினால் 63 வருகிறது, கணக்குப்படி சரி. ஆனால் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் மூட்டுவலிக்காரர் ஏற முடியாது. 23 சென்டிமீட்டர் மிதியில் பெரியவர்களின் முழுப் பாதம் பதியாது. சூத்திரத்துக்குப் பொருந்துவதாலேயே படி நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வாய்த்ததில்லை. இறுதியில் 18 படிகள், 16.7 உயரம், 28 மிதி என்று அமைந்தது. அதன் கூட்டுத்தொகை 61.4.

வரைபடத்தை உடனே திருத்தத் தொடங்காமல், குடும்பத்திடம் ஒரு வேலை கொடுத்தேன். எத்தனை அறை வேண்டும் என்று எழுதாமல், ஒரு வாரம் முழுக்க யார், எந்த நேரத்தில், வீட்டில் எங்கே இருந்தார்கள் என்று எழுதிவரச் சொன்னேன். குடும்பத் தலைவிதான் அதைப் பொறுப்பாகச் செய்தார். அந்தக் குறிப்பைப் படித்தபோது, விருந்தினருக்கென்று தனியாகக் கேட்டிருந்த முன்கூடத்தை அந்த வாரத்தில் ஒருவரும் பயன்படுத்தியிருக்கத் தேவையில்லை என்பதும், பிள்ளைகள் இருவரும் தங்கள் அறையில் படிக்காமல் அம்மா சமைக்கும்போது சாப்பாட்டு மேசையில்தான் படிக்கிறார்கள் என்பதும், ஈரத்துணி காயப்போடும் இடம் வரைபடத்தில் எங்குமே இல்லை என்பதும் தெரிந்தன. முன்கூடமும் சாப்பாட்டுக்கூடமும் ஒன்றாக இணைந்தது அந்த ஒரு வாரக் குறிப்பால்தான்.

மூன்று குழிகள்

அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் விரிசல் இல்லாமல் நிற்கின்றன, மண்பரிசோதனை எதற்கு என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டின் அஸ்திவாரம் பக்கத்து மனையின் மண்ணைப் பற்றித்தான் சாட்சி சொல்லும் என்று பதில் சொன்னேன். முதலில் பெரிய செலவில்லாமல், மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு சோதனைக் குழிகள் தோண்டச் சொன்னோம்.

வடகிழக்குக் குழியில் 1.2 மீட்டரிலேயே சரளை கலந்த கெட்டி மண் வந்துவிட்டது, கடப்பாரை தெறித்தது. தென்மேற்குக் குழி வேறு கதை. மேல் முழங்கால் அளவு செம்மண்ணுக்குக் கீழே சாம்பல், உடைந்த ஓடுகள், ஒரு செருப்பின் அடித்தோல், மக்காத பிளாஸ்டிக் பைகள். 1.6 மீட்டருக்குக் கீழேதான் இயற்கையான மண் தொடங்கியது. அதுவும் கையில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் சாம்பல்நிறக் களிமண். குழியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முதியவர், அந்த இடத்தில் ஒருகாலத்தில் பள்ளம் இருந்ததையும், தெருவே அதில் குப்பை கொட்டியதையும் மிகச் சாதாரணமாகச் சொன்னார். மனையை வாங்கும்போது அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

நிலம் முழுவதும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால், வீடு மொத்தமாகச் சில மில்லிமீட்டர் இறங்கும். பெரிய சேதம் வராது. ஒரு பாதி கெட்டி மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் உட்காரும்போதுதான் ஆபத்து. ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் இறங்காமல் நிற்க, நடுவில் இருக்கும் சுவர் மூலைவிட்டமாகப் பிளக்கும். களிமண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் வகையாக அது இருந்தால், அஸ்திவாரம் ஆண்டுதோறும் தூக்கப்பட்டும் இறக்கப்பட்டும் அலைக்கழியும். ஆகவே துளையிட்டுச் செய்யும் முறையான பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம். அதில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒரு குழாயை 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே அந்த ஆழத்து மண்ணின் உறுதியைக் காட்டும் மதிப்பு. நிரப்பிய மண்ணில் மூன்று முறை அடித்ததிலேயே குழாய் இறங்கிவிட்டது. அதே துளையில் 2.4 மீட்டர் ஆழத்தில் இருபது முறைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு எண்ணையும் அடுத்தடுத்துக் கேட்டபின் கணவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சாலையிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே மூன்றாவது குழி தோண்டியபோது நிரப்பிய மண் ஒரு மீட்டராகக் குறைந்திருந்தது. பள்ளம் சாலையோரத்தில் ஆழமாகவும் உள்ளே போகப் போக மேடாகவும் இருந்திருக்கிறது. வீட்டைப் பின்னால் தள்ளினால், பழைய பள்ளத்தின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே, வண்டி நிறுத்தும் முற்றமாக விழுந்துவிடும். முன்புறக் காலியிடத்தை 3 மீட்டரிலிருந்து 4.5 மீட்டராக்கினோம். தென்மேற்கு மூலையில் இரண்டு தூண்கள் மட்டும் இன்னும் நிரப்பிய மண்ணின் மேல்தான் வந்தன. அவற்றின் கடைக்காலை (அஸ்திவாரத்தை) 2.4 மீட்டருக்கு இறக்கி, மற்றவற்றை 1.5 மீட்டரில் நிறுத்தி, எல்லாத் தூண்களையும் தரைமட்டத்தை ஒட்டி ஓடும் காங்கிரீட் உத்திரமான பிளிந்த் பீமால் பிணைப்பது என்று கட்டமைப்புப் பொறியாளர் வடிவமைத்தார். இதனால் கூடிய செலவு 4 பங்கு.

பணக்கணக்கு

வீடு பின்னால் போனதால் கட்டக்கூடிய நீளம் 10.5 மீட்டர், அகலம் 8.8 மீட்டர் ஆயிற்று. கீழ்த்தளம் 92 சதுர மீட்டர். மேல்தளத்தையும் அப்படியே வைத்திருந்தால் 184 சதுர மீட்டர் வந்திருக்கும். அதைவிடவும் சுருங்கியதற்குப் பணமே காரணம்.

முதல் வரைபடத்துக்கு அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுவந்திருந்த பரப்பளவு விலைப்படி மொத்தச் செலவு 96 பங்கு. நிதிக்குள் அடங்கிவிட்டது என்ற நிம்மதியில் இருந்தார்கள். பரப்பளவு விலையில் எனக்கு என்றும் நம்பிக்கை இல்லை. எது அடக்கம், எது அடக்கமில்லை என்பதை அது சொல்லாது. பரப்பளவு என்பதே எங்கிருந்து எங்கே அளந்தது என்றும் சொல்லாது. உள்ளளவு மூன்றுக்கு மூன்று மீட்டர் கொண்ட ஓர் அறைக்கு நான்கு பக்கமும் 23 சென்டிமீட்டர் சுவர் வைத்து வெளியே அளந்தால், 9 சதுர மீட்டர் கிட்டத்தட்ட 12 ஆகிவிடும். நாம் காசு கொடுக்கும் பரப்பில் கால்பங்கு சுவர். அதே வரைபடத்துக்கு மண்வேலை தொடங்கி வண்ணப்பூச்சு வரை ஒவ்வொரு வேலையையும் அளந்து மதிப்பீடு போட்டபோது, கட்டடத்துக்கு மட்டுமே 116 பங்கு வந்தது.

அதற்கு வெளியே இன்னொரு பட்டியல் இருந்தது. அனுமதிக் கட்டணம், குடிநீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள், வேலைக்காலத் தற்காலிக மின்சாரம், தரைக்கீழ் நீர்த்தொட்டி, சுற்றுச்சுவர், கதவு, மண் நிரப்புதல், பரிசோதனை, வடிவமைப்புக் கட்டணம் ஆகியவற்றோடு, எல்லோரும் மறக்கும் ஒன்றும் உண்டு: வீடு வளரும் மாதங்களில் இருக்கும் வீட்டுக்கு வாடகையும், வாங்கிய கடனுக்கு வட்டியும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். இவை 20 பங்கு. ஆக மொத்தம் 136. கையில் இருந்தது 100.

அன்று மாலை அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. தரத்தைக் குறைத்தால் என்ன என்று கணவர் கேட்டார். நான் இதில் பிடிவாதக்காரன். தரை ஓடு, குழாய்முனை, கதவு போன்றவற்றைப் பத்தாண்டு கழித்தும் மாற்றலாம். கம்பி, காங்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு, சுவருக்குள் புதையும் குழாய்கள் ஆகியவற்றை மாற்ற முடியாது. பின்னவற்றில் குறைக்கக் கூடாது. முன்னவற்றில் குறைத்தாலும் 36 பங்கு கிடைக்காது. எஞ்சியது பரப்பைக் குறைப்பதுதான். மேல்தளத்தில் பிள்ளைகளுக்கான ஒரு பெரிய அறை, சிறிய படிப்பிடம், குளியலறை என 34 சதுர மீட்டர் மட்டும் இப்போது கட்டுவது. பிள்ளைகள் வளர்ந்தபின் இன்னோர் அறை சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்காகக் கடைக்காலும் தூண்களும் முழு மேல்தளத்தின் பாரத்துக்கும் இப்போதே வடிவமைக்கப்பட்டன. அதைப் பிறகு செய்ய வழியில்லை.

புதிய கணக்கில் 126 சதுர மீட்டருக்குக் கட்டடச் செலவு 73 பங்கு, கடைக்காலுக்குக் கூடுதலாக 4, சுற்றுச்சுவரை முன்புறமும் ஒரு பக்கமும் மட்டும் எழுப்புவதாக வைத்து மற்றவை 14. மொத்தம் 91. மீதி 9 பங்கை எதிர்பாராச் செலவுக்கு என்று எழுதி, அதைத் தொடுவதற்குக் கணவன் மனைவி இருவருமே ஒப்ப வேண்டும் என்று அவர்களே ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்.

சுண்ணாம்புக் கோடு

புதிய வரைபடம் தாளில் அழகாகவே இருந்தது. பாட்டியோ அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்க நடக்கணும்னு தரையில காட்டுங்க" என்றார். வரைபடத்தைப் படிக்கப் பழகியவர்கள், மற்றவர்களும் அதைப் படிப்பார்கள் என்று எளிதில் நினைத்துவிடுகிறோம்.

அடுத்த ஞாயிறு காலை, மனையில் புல்லைச் செதுக்கி, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கீழ்த்தளம் முழுவதையும் உண்மை அளவில் கோடு போட்டோம். மூலைகளின் செங்கோணத்துக்கு மேஸ்திரி வழக்கமான மூன்று, நான்கு, ஐந்து கணக்கைப் பயன்படுத்தினார்: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறித்தால் குறுக்களவு சரியாக 5 மீட்டர் வர வேண்டும். சுவர்களை ஒற்றைக் கோடாகப் போடாமல் இரட்டைக் கோடாகப் போடச் சொன்னேன். ஒற்றைக் கோட்டில் அறைகள் பெரிதாகத் தோன்றி ஏமாற்றும். கட்டில், மேசை, அலமாரிக்கு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினோம்.

பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவர் இல்லாத வீட்டில் சுவரைத் தாண்டாமல், கதவு குறித்த இடைவெளி வழியாகவே நடந்தார். கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதுபோல நடந்து காட்டி, படுக்கைக்கும் அலமாரிக்கும் நடுவில் கைத்தடியோடு திரும்ப முடியாமல் நின்றுவிட்டார். அந்த இடைவெளி 65 சென்டிமீட்டர். தாளில் அது எங்கள் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பியிருந்தது. அலமாரி வேறு சுவருக்கு மாறியது. இடைவெளி 95 ஆனது. குளியலறைக் கதவு உள்ளே திறப்பதாக இருந்தது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கதவையே திறக்க முடியாது என்பதால், அதை வெளியே திறக்கும்படி மாற்றி, சக்கர நாற்காலி பின்னாளில் தேவைப்பட்டாலும் நுழையும்படி நிலையின் அகலத்தை 75-லிருந்து 90 சென்டிமீட்டராக்கினோம். குளியலறையில் பிடிகம்பி வரவேண்டிய இடங்களை அன்றே குறித்தோம். அங்கே சுவர் திடமாக இருக்க வேண்டும், குழாய் ஓடக் கூடாது.

மாலை நான்கு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தேன். வெயில் சாய்ந்து முன்கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தபோது, மேற்குப் பக்கத்தில் படிக்கட்டையும் பொருள் வைக்கும் அறையையும் ஏன் வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாட்டியின் அறை வடகிழக்கில், நிழலில் இருந்தது.

என் தவறு

இந்த நிகழ்வில் பெரிய பிழை ஒன்று என்னுடையது. தரைமட்டத்தைச் சாலையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். பாட்டிக்காக முன்புறம் ஒரு சாய்தளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 30 சென்டிமீட்டர் ஏற 3.6 மீட்டர் நீளம் போதும். முன்முற்றமோ 4.5 மீட்டர். கச்சிதமாகப் பொருந்தியது என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது.

சாலையோரக் கழிவுநீர்த் தொட்டியின் ஆழத்தை, பழைய இணைப்பு வரைபடம் ஒன்றில் பார்த்து எழுதியிருந்தேன்; மூடியைத் திறந்து பார்க்கவில்லை. வானம் தோண்ட மூன்று வாரம் இருக்கும்போது மேஸ்திரி தற்செயலாக மூடியைத் தூக்கி, உள்ளே கோல்விட்டுப் பார்த்து, "சார், இது அவ்வளவு ஆழம் இல்லையே" என்றார். வரைபடம் ஒரு மீட்டருக்கு மேல் காட்டியது. உண்மையில் குழாய் சேரும் அடிமட்டம் சாலைக்கு 45 சென்டிமீட்டர் கீழேதான் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கக் குளியலறையிலிருந்து வளைவுகளோடு சேர்த்துக் குழாயின் நீளம் 20 மீட்டர். தரைமட்டத்துக்கு 50 சென்டிமீட்டர் கீழேதான் குழாய் தொடங்க முடியும் என்பதால், தொடக்கம் சாலைக்கு 20 சென்டிமீட்டர் கீழே, முடிவு 45 சென்டிமீட்டர் கீழே. இறக்கத்துக்குக் கிடைப்பது 25 சென்டிமீட்டர் மட்டும். அதாவது எண்பதுக்கு ஒன்று. 100 மில்லிமீட்டர் கழிவுக்குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று முதல் அறுபதுக்கு ஒன்று வரையான சரிவைத்தான் நான் வழக்கமாக வைப்பேன். அதைவிடத் தட்டையாக இருந்தால் நீர் ஓடிவிடும், திடப்பொருள் தங்கிவிடும். முதல் வருடம் தெரியாது. அடைப்பு தொடங்கியபின் தரையோட்டைப் பெயர்க்காமல் சரிசெய்யவும் முடியாது.

தரைமட்டத்தை 45 சென்டிமீட்டராக உயர்த்துவது தவிர வேறு வழி தோன்றவில்லை. இறக்கம் 40 சென்டிமீட்டர் ஆகி, சரிவு ஐம்பதுக்கு ஒன்றாயிற்று. ஆனால் 92 சதுர மீட்டரை 15 சென்டிமீட்டர் உயர்த்த, சுமார் 14 கன மீட்டர் மண் கூடுதலாக நிரப்பித் திமிசு போட்டு இறுக்க வேண்டும். சாய்தளம் 3.6-லிருந்து 5.4 மீட்டராக நீண்டு, 4.5 மீட்டர் முற்றத்துக்குள் நேராக அடங்காமல் போயிற்று. அதை வடபுறமாகத் திருப்பி, திருப்பத்தில் ஒன்றரை மீட்டர் சதுரத்தில் சமதளம் விட்டு, எல் வடிவில் மாற்றி வரைந்தோம். அந்தத் திருப்பத்தில் வரவேண்டியிருந்த ஜன்னலின் அடிமட்டமும் மாறியது. ஒரு மூடியைத் திறக்காததன் விளைவு ஜன்னல்வரை போயிற்று. அத்தனையும் தாளில் நடந்ததால் எனக்கு நான்கு இரவுகளும், குடும்பத்துக்கு ஒரு பங்குக்கும் குறைவான செலவும் மட்டுமே ஆயின. தவறு என்னுடையது என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டேன்; திருத்திய வரைபடத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை.

முடிவேடும் ஒப்பந்தமும்

அனுமதிக்காகக் காத்திருந்த வாரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குச் செலவிட்டோம். குடும்பத் தலைவி அதை முடிவேடு என்று அழைத்தார். பக்கத்துக்கு மூன்று பத்திகள்: முடிவு என்ன, யார் சொல்வது, எந்த வேலைக்கு முன் சொல்லியாக வேண்டும். கழிவுக்குழாய் போகும் வழி பிளிந்த் பீமுக்கு முன். ஜன்னலின் இடமும் அளவும் சுவர் எழும்புவதற்கு முன். மேல்தளத் தளக்காங்கிரீட்டில் புதையும் மின்குழாய்கள் கம்பி கட்டி முடிப்பதற்கு முன். சுவிட்சு, குழாய் முனைகள் பூச்சுக்கு முன். தரையோட்டின் நிறம் கடைசியிலும் கடைசி. முதல் சந்திப்பில் அவர்கள் ஒரு மணி நேரம் விவாதித்தது தரையோட்டின் நிறத்தைப் பற்றித்தான்.

ஒப்பந்தத்தில் மூன்று வழிகள் இருந்தன. மொத்தமாக ஒரு தொகைக்கு விடலாம். பொருளை வீட்டுக்காரரே வாங்கிக்கொடுத்துக் கூலிக்கு மட்டும் விடலாம். வேலைவாரியாக விலை பேசி, முடிந்த வேலையை அளந்து பணம் தரலாம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், மணல் வண்டிக்காகக் காத்திருக்கும் கூலி ஒப்பந்தம் ஒத்துவராது என்று விட்டுவிட்டு, மூன்றாவதைத் தேர்ந்தோம். காங்கிரீட் எம் 20 தரம் என்றால், 15 சென்டிமீட்டர் கனசதுரம் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்று விளக்கத்தையும் சேர்த்து எழுதினோம். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேரும் என்றும் எழுதினோம். இளக்கமாக இருந்தால் கொட்டுவது எளிது என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் எல்லா வேலையிடங்களிலும் நடக்கும் தவறு. சிமெண்டு எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் நீர் காய்ந்து, நுண்துளைகளாக நின்றுவிடும். ஈர மணல் கனஅளவில் 20, 30 சதவீதம்கூட உப்பி நிற்கும் என்பதால் பெட்டியால் அளக்கும்போது அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பதும் ஒரு விதியாயிற்று.

கம்பிக்கு எடைக்கணக்கை எழுதிக்கொடுத்தேன்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, தன்னாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. மூத்த பிள்ளை இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, பின்னர் வந்திறங்கிய ஒவ்வொரு கம்பிக் கட்டுக்கும் எடை சொன்னது தனிக் கதை. பணம் கட்டம் கட்டமாக, அந்தந்தக் கட்டம் முடிந்து அளந்தபின். ஒவ்வொரு பணப்பட்டியலிலும் 5 சதவீதம் நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கடந்தபின் கொடுப்பது. மாற்றம் எதுவானாலும் விலையோடு எழுத்தில் கையெழுத்தானபின்தான் வேலை. ஒப்பந்ததாரர் கடைசி விதியைத்தான் முதலில் மறுத்தார், பிறகு அதிகம் பயன்படுத்தியவரும் அவரே.

கட்டியபின்

வேலை பத்து மாதத்தில் முடிந்தது. ஆழமான இரண்டு கடைக்கால்களிலும் ஊற்று நீர் வந்து இறைக்க வேண்டியிருந்தது, கம்பி விலை நடுவில் ஏறியது, சமையலறையில் ஒரு ஜன்னல் கூடியது. எதிர்பாராச் செலவுக்கு வைத்த 9 பங்கில் 6 போயிற்று. மீதி 3 பங்கில், விட்டுவைத்திருந்த சுற்றுச்சுவரின் ஒரு பக்கத்தை எழுப்பிக்கொண்டார்கள். எங்கள் முடிவேட்டில் தப்பியவையும் உண்டு: துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் முனை வைத்தோம், கழிவுநீர் முனை வைக்க மறந்தோம்; மாடிப்படியின் விளக்கைக் கீழிருந்து போடலாம், மேலிருந்து அணைக்க முடியாது. முதலாவதைச் சுவரைக் கொத்திச் சரிசெய்தார்கள். இரண்டாவது அப்படியே இருக்கிறது.

மொட்டைமாடியில், பின்னாளில் எழப்போகும் அறைக்காக நான்கு தூண்களின் கம்பிகள் நீட்டி விடப்பட்டிருக்கின்றன. அவை துருப்பிடிக்காமல் இருக்க, சிமெண்டுப் பால் தடவி, மெலிந்த காங்கிரீட்டால் முழங்கால் உயரத்துக்கு மூடியிருக்கிறோம். எந்தத் தூணில் எத்தனை கம்பி, என்ன விட்டம், கடைக்கால் எவ்வளவு ஆழம் என்ற வரைபடமும், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் குழாய்கள் ஓடும் பாதையை டேப் வைத்து எடுத்த படங்களும், மனைப்பத்திரம் இருக்கும் அதே உறைக்குள் இருக்கின்றன.